டேங்க்ல தண்ணி இருக்குது

காலையில் என் மகள் ஸ்கூட்டரை எடுக்கும்போது நான் தையல் மெஷினை நிறுத்திவிடுவேன். கால் பெடலிலேயே இருக்கும், காது மட்டும் அவள் பின்னால் போகும். தெருமுனையில் டிபன் கடையைத் தாண்டும்வரை வண்டிச் சத்தம் தனியாகக் கேட்கும். அதற்கப்புறம் மெயின் ரோட்டு இரைச்சலில் கலந்துவிடும். அங்கிருந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்திவிட்டு 'சேந்துட்டேன்' என்று அவள் போனில் ஒரு வார்த்தை அனுப்பும்வரை எனக்குத் தையல் நேராக வராது. ஜாக்கெட்டின் இடது கையையும் வலது கையையும் மாற்றி வைத்துத் தைத்து எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். பேசிவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு ஜாக்கெட்தான் கவலை.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டி பைபாஸின் நடுவில் நின்றுவிடக் கூடாது.

நாங்கள் குடியிருப்பது சந்திரகிரியில். எங்கள் தெருவிலிருந்து திருப்பதி போக வேண்டுமானால் பைபாஸைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். சிக்னல் கிடையாது. டிவைடரில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் பாதியைக் கடந்து அந்த இடைவெளியில் நின்று, இடது பக்கம் பார்த்து, மறுபாதியைக் கடக்க வேண்டும். பெங்களூர் பஸ், சித்தூர்ப் பக்கத்திலிருந்து கிரானைட் கல் ஏற்றிய லாரி, மலையில் மொட்டை போட்டுவிட்டு ஊர் திரும்பும் கார்கள் எல்லாம் அந்த வழிதான். அந்தக் கார்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் பயம். கியூவில் ராத்திரியெல்லாம் நின்ற களைப்பில் பின்சீட்டு மொட்டைத் தலைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவன் மட்டும் விழித்திருக்கிறான் என்று நாம் நம்ப வேண்டும்.

ஒருமுறை பஸ்ஸில் போகும்போது அந்த இடைவெளியில் ஒரு ஹெல்மெட் கிடந்ததைப் பார்த்தேன். யாருடையது என்று தெரியாது. தலையிலிருந்து விழுந்ததா, வண்டியில் மாட்டியிருந்தது கழன்று விழுந்ததா, அதுவும் தெரியாது. அதன் சொந்தக்காரன் இன்றைக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து மகள் தலையில் ஹெல்மெட்டைப் பார்க்கிறபோதெல்லாம் வார் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் நகரிக்குப் பக்கம். கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். என் கணவருக்குத் திருப்பதியில் ஒரு ஹோட்டலில் ரூம்களை மேற்பார்வை பார்க்கிற வேலை. மகள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவர் பஸ்ஸில் போய் வருவார். அவளுக்கு ஷிப்ட் ஒரு நேரம் போல் இன்னொரு நேரம் இருக்காது என்று யாரோ ஓட்டி விற்ற பழைய ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்தோம். கொடுத்த நாளிலிருந்தே நெருப்பை மடியில் கட்டிக்கொண்டதுபோல்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் பெட்ரோல் வேறு மாறிப்போனது. பங்க்கில் பெட்ரோல் பிடிக்கிற மெஷின்மேல் 'இ20' என்று ஒட்டினார்கள். என் கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி வருகிற வீடியோக்களையெல்லாம் பார்த்துத் தீர்த்தார். எத்தனால் என்றால் சாராயம்தானாம், கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுத்துப் பெட்ரோலோடு நூற்றுக்கு இருபது பங்கு கலக்கிறார்களாம். ஒருத்தர் வந்து வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பார். இன்னொருத்தர் வந்து பழைய வண்டியென்றால் ரப்பர் எல்லாம் நைந்துபோகும், மைலேஜ் போகும், டேங்க் துருப்பிடிக்கும் என்பார். நல்லது சொன்னவரை என் கணவர் பாதியில் நிறுத்திவிடுவார். கெட்டது சொன்னவரைக் கடைசிவரை கேட்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கெட்டதை மட்டும் கேட்டேன்.

"ஸ்பிரிட்டு தான் நைனா. நா நாள் பூரா ஆஸ்பத்திரில கையில தொடைச்சிக்கினு தான் கீறேன்" என்பாள் மகள். "வண்டி குடிச்சா இன்னா, ஓடாதா?"

"குடிச்சவன் எப்டி ஓடுவான்னு எனக்குத் தெரியும்மே" என்பார் அவர்.

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். ஒரு காலத்தில் தண்ணி போடுகிறவர்தான். நகரியில் இருந்தபோது சாயங்காலம் ஆனால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அவர் எந்த நிலையில் வருவாரோ, வழியில் எங்கே விழுந்து கிடப்பாரோ என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன். அவர் வந்து படுத்ததும், "நைனா தண்ணி போட்டுக்கினு வந்துகீறாரா?" என்று சின்னப் பெண்ணாக இருந்த மகளைத்தான் அனுப்பிப் பார்த்துவரச் சொல்வேன். எனக்கே போய்ப் பார்க்கத் தைரியம் இருக்காது. அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்லம்மா, நல்லாதான் கீறாரு" என்பாள். வாசனை அடுப்படிவரை வரும். மஞ்சள் காமாலை வந்து செத்துப் பிழைத்த பிறகு அவர் அதைத் தொடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் தண்ணி என்றால் குழாயில் வருவது ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணிதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்பேர்ப்பட்டவர்தான் புதுப் பெட்ரோலுக்குத் தண்ணிப் பெட்ரோல் என்று பேர் வைத்தார். வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் "ராத்திரி தண்ணி போட்டுது, இன்னும் எழுந்திரிக்கல" என்பார். மகள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. நாளாக நாளாக அந்தப் பேர் எங்கள் மூன்று பேருக்கும் பழகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் வண்டியைக் கழுவினார். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தையல் மெஷின், கத்தரிக்கோல், ஸ்கூட்டர் மூன்றுக்கும்தான். வருஷம் பூராவும் அந்த வண்டியைத் துணியால்கூடத் துடைக்காதவர் அன்றைக்கு மட்டும் பக்தி முற்றிப்போய் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சீட்டைத் தூக்கி உள்ளேயும் பீய்ச்சினார். அந்த வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுகிற வாய் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மூடி போட்டுத்தான் இருந்தது. அதில் இருந்த ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்ததை யார் பார்த்தது. மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, என் மகளை எந்தக் கண்ணும் அண்டக் கூடாது என்று பூசணிக்காயும் சுற்றி உடைத்தேன். திருஷ்டி போயிற்றோ இல்லையோ, தண்ணீர் உள்ளே போய்விட்டது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

இரண்டு நாள் லீவில் வண்டி அசையாமல் நின்றது. மூன்றாவது நாள் தெருமுனைகூடத் தாண்டவில்லை, இருமிவிட்டு நின்றுவிட்டது. நான் ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்துவிட்டு ஓடினேன். டிபன் கடை வாசலில் நின்று மகள் செல்ப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். இது இங்கே நின்றதற்குப் பதில் அந்த இடைவெளியில் நின்றிருந்தால் என்று நினைத்தேன். நினைத்ததும் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அவள் பஸ்ஸில் போனாள்.

அன்றைக்கே நானும் கணவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். மெக்கானிக் தெலுங்குக்காரர், எனக்குத் தம்பி வயது. தமிழ் பேசுகிறவர்கள் என்று தெரிந்தால் தமிழில்தான் பேசுவார். அது அவருடைய மரியாதை. கார்புரேட்டரைக் கழற்றி அதிலிருந்ததை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார், விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார்.

"அக்கா, டேங்க்ல தண்ணி இருக்குது. மொத்தம் தீசேயாலி."

மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார். என் கணவர் சிரித்தார். "எந்தப் பெட்ரோல்லப்பா இப்ப தண்ணி இல்ல? கவர்மெண்டே கலந்து தானே உடுது."

"அது வேற சார். இது…" என்று மெக்கானிக் ஆரம்பித்தார். அதற்குள் வேறு ஒருவர் வண்டியோடு வந்து அவசரப்படுத்தினார்.

"டேங்க்கெல்லாம் எறக்க வேணாம். கார்புரேட்டர மட்டும் சுத்தம் பண்ணிக் குடு. பெட்ரோலுக்கு நா வழி பண்றேன்" என்றார் இவர்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். எங்கள் பக்கத்தில் சரி என்பதற்கும், வேண்டாம் என்பதற்கும், உன் தலையெழுத்து என்பதற்கும் ஒரே ஆட்டல்தான். நானும் எதையும் விசாரிக்கவில்லை. தண்ணி என்று அவர் சொன்னதும் எனக்கும் அந்தத் தண்ணிதான் மனசில் பட்டது.

இவர் பண்ணிய வழியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நகரிப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பெட்ரோல் போட எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் திருத்தணி ரோட்டுக்குப் போவது எப்போதும் உள்ளதுதான். அந்தாண்டை விலை குறைச்சல். இவர் அதற்கு மேலே ஒரு படி போய், அந்தாண்டைப் பெட்ரோலில் தண்ணி இல்லை என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். இங்கே பங்க்கில் கலக்காத பெட்ரோல் இருக்கிறதா என்று ஒரு தரம் கேட்டிருக்கிறார். அந்தப் பையன் "அன்னிட்லோ அதே சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். எல்லாவற்றிலும் அதேதான் என்று அவன் சொன்னது இவருக்கு ஆந்திராவில் எல்லாவற்றிலும் என்று கேட்டிருக்கிறது.

நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவர் சாயங்காலம் ஒரு பை கத்திரிக்காயோடு வந்தார். பை நாறியது. கத்திரிக்காயை எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு எண்ணெய் கேன். கேன் நிறையப் பெட்ரோல்.

"பஸ்லயா எடுத்தாந்தீங்க?" என்றேன்.

"பின்ன, பறந்தா வருவேன்?"

"புள்ள குட்டிங்க குந்திக்கினு இருக்குமே. எவனாச்சும் பீடி பத்த வெச்சிருந்தா?"

"வெக்கல இல்ல. உடு."

சொல்லிக்கொண்டே அந்தக் கேனைக் கொண்டுபோய் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அடுப்பில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்தேனா, கேனை எடுத்தேனா, எது முதலில் என்று எனக்கே தெரியாது. கேனைத் துணி காயப்போடுகிற கம்பிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மகள் வருகிறவரை அதற்கும் வீட்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். யாராவது சிகரெட்டோடு தெருவில் போனால் அவர் முனை திரும்பும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இவர் உள்ளேயிருந்து சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெட்ரோல் ஸ்கூட்டருக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் சாதம் வடித்தேன்.

"மேல நல்ல பெட்ரோல ஊத்திட்டேன். இனிமே உன் வண்டி ராஜா மாதிரி ஓடும்" என்றார் மகளிடம்.

"அங்கயும் இதே பெட்ரோல் தான் நைனா" என்றாள் அவள்.

"உனக்கு ரத்தத்தப் பத்தித் தெரியும். பெட்ரோலப் பத்தி எனக்குத் தெரியும்."

வண்டி ஓடியது. கார்புரேட்டர் சுத்தமாக இருந்ததால் ஓடியதோ என்னவோ, ஓடியது. காலையில் காது கொடுத்துக் கேட்பேன். டிபன் கடை தாண்டும்வரை இருமல் இல்லை. 'சேந்துட்டேன்' என்று வரும். சில நாள் கொஞ்சம் தாமதமாக வரும். "ஏன் லேட்டு?" என்று கேட்டால், "டிராபிக்மா" என்பாள். சாயங்காலம் வந்ததும் "வண்டி எப்டி ஓடுச்சி?" என்பேன். "நல்லாதாம்மா ஓடுது" என்பாள். அந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அதன்பிறகு ஒரு நாள் எனக்கு லைனிங் துணியும் ஜிப்பும் வாங்க வேண்டியிருந்தது. திருப்பதியில் இறக்கிவிடுகிறேன், ஏறு என்றாள். பின்சீட்டில் உட்கார்ந்தேன். காலை நேரம், நல்ல வெயில். டிபன் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். பைபாஸ் வந்தது. வலது பக்கம் பார்த்தாள், முதல் பாதியைக் கடந்தாள், இடைவெளியில் நின்றாள். நான் அந்த ஹெல்மெட் கிடந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் ஒன்று போன காற்றில் சேலை முகத்தில் அடித்தது. அவள் வண்டியை எடுத்தாள்.

இரண்டு முறை இருமியது. அப்புறம் சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தேன். டிவைடரை விட்டு வெளியே வந்திருந்தோம். ரோட்டின் நடுவில் இருந்தோம். இடது பக்கம் தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. கல் ஏற்றிய லாரி. அது மெதுவாக வருவதுபோல் இருந்தது. அப்புறம் மெதுவாக வரவில்லை என்று தெரிந்தது.

"எறங்கும்மா" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கு இறங்க வரவில்லை. முழங்கால் இரண்டும் வண்டியோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. லாரி ஹாரன் அடித்தது. அது என் பல்லுக்குள் கேட்டது. அவள் தான் இறங்கினாள். ஒரு கையை லாரிக்கு எதிரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, இடுப்பைச் சீட்டில் முட்டுக் கொடுத்து, என்னை உட்கார வைத்தபடியே வண்டியைத் தள்ளினாள். என் கால் தரையில் இழுபட்டது. லாரியின் முன்பக்கத்தில் எழுதியிருந்த சாமி பேரும் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் தெரிந்தன. பிரேக் கிறீச்சிட்டது. ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. நாங்கள் ஓரத்து மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் தெலுங்கில் எங்கள் வம்சத்தையே திட்டிக்கொண்டு போனான். அவனும் பயந்துதான் போயிருப்பான்.

என் ஒரு செருப்பு ரோட்டில் கிடந்தது. லாரிச் சக்கரம் ஏறிய பிறகும் அது செருப்பு மாதிரிதான் இருந்தது, தட்டையாக. அதன் மேல் அடுத்த பஸ் ஏறியது. அதற்கடுத்து ஒரு கார்.

நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. மெக்கானிக்குக்குப் போன் பண்ணினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். அவள் கை நடுங்கவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. இவளுக்கு எப்படி இவ்வளவு தெரியும், எப்படிக் கையை உயர்த்த வேண்டும், எப்படி இடுப்பால் தள்ள வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை முழுதாக யோசித்து முடிக்க எனக்குத் தெம்பில்லை.

மெக்கானிக் தன் பைக்கில் வந்தார். மகள் ஸ்கூட்டரில் உட்கார, அவர் பின்னாலிருந்து ஒரு காலால் அதைத் தள்ளிக்கொண்டே கடைவரைக்கும் போனார். நான் ஷேர் ஆட்டோவில் ஒற்றைச் செருப்போடு போனேன். என் கணவரும் ஹோட்டலில் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் டேங்க்கைக் கழற்றி, அடியில் இருந்ததை ஒரு பழைய கூல்டிரிங் பாட்டிலில் பிடித்தார். கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்தார். பாட்டிலுக்குள் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே பெட்ரோல் நிறத்தில் ஒன்று. கீழே அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கலாக இன்னொன்று.

"கீழ இருக்கிறது தண்ணி" என்றார்.

"அதான் நா அன்னிக்கே சொன்னேனே, கலந்து உடறாங்கன்னு" என்றார் என் கணவர்.

மெக்கானிக் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் முதல் முறையாக எங்களிடம் முழுக்கத் தெலுங்கில் பேசினார். "நீள்ளு சார். பைப்லோ ஒச்சே நீள்ளு. மந்து காது."

குழாயில் வருகிற தண்ணீர், சாராயம் இல்லை என்கிறார். தெலுங்கில் குடிக்கிற சரக்குக்கு மந்து என்றுதான் பேர். தண்ணி என்றால் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்பது எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ரேஷன் கடையிலும் எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசிலும் தெலுங்கில் சண்டை போட்டு ஜெயிக்கிறவர்கள் நாங்கள். முதல் நாளே நீள்ளு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி புரிந்திருக்கும். எங்களுக்கு மரியாதை கொடுத்துத் தமிழில் சொன்னார். நாங்கள் எங்கள் வீட்டுத் தமிழில் கேட்டுக்கொண்டோம்.

மூடியின் ரப்பர் வளையத்தைப் பிய்த்துக் காட்டினார். வெடித்து, வறட்டியைப்போல் உதிர்ந்தது. "கழுவினப்போ இதுல எறங்கியிருக்கும் அக்கா. இந்தப் பெட்ரோலுக்கு நீள்ளுன்னா ஆசை. அதுல கீற ஸ்பிரிட்டு தண்ணியக் கூப்ட்டு சேத்துக்கும். ஜாஸ்தி ஆச்சின்னா ரெண்டும் சேந்து அடியில போய் குந்திக்கும். கார்புரேட்டருக்கு அடியில இருந்து தானே போவுது. மேல எத்தினி ஊத்தினாலும் கீழ கீறது கீழயே தான் இருக்கும்."

"கலக்காத பெட்ரோல் எங்கயாச்சும் கெடைக்குமா?" என்றேன்.

"தெரியலக்கா. கெடைச்சாலும் நீள்ளு போனா வண்டி நிக்கும் தான். நானே அன்னிக்கு டேங்க்க எறக்கியிருக்கணும்" என்று அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். "இதுக்கு முன்ன ரோட்ல நின்னுச்சா?"

"இல்லப்பா, இன்னைக்கு தான்" என்றேன்.

மகள் தரையில் கிடந்த ஒரு நட்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் அவளையே பார்த்தார். அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "தெனமும் நிக்குதுண்ணா. அந்த டிவைடர் கேப்பாண்ட தான். எடுக்கும்போது நிக்கும். ஓரத்துக்குத் தள்ளிக்கினு போய் மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்குவேன்."

தினமும். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, 'சேந்துட்டேன்' வரவில்லையே என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலைகளில் எல்லாம் இவள் ஒரு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.

"எதுக்கோசரம் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ பயந்துக்குவ."

"பயந்தா இன்னா? செத்தா போயிடுவேன்?"

"நீ பயந்துக்கினா வேலைய உட்டுருன்னுவ. இல்லன்னா துன்னாம கொள்ளாம குந்திக்கினு இருப்ப. நைனா தண்ணி போட்டப்பயும் நீ அப்டித்தான் இருந்த." அவள் கோபமாகச் சொல்லவில்லை. சளி இருக்கிறது, இருமல் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். என் கணவர் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெயிலில் பார்ப்பதுபோல் வெளியே போய்விட்டார்.

டேங்க்கைக் கழுவிக் காயவைத்து, ரப்பர் வளையமும் பெட்ரோல் போகிற பைப்பும் புதிதாகப் போட்டு வண்டியை வாங்கி வந்தோம். இப்போது என் கணவர் ஹோஸ் பைப் பக்கமே போவதில்லை. பங்க்கில் அதே பெட்ரோல்தான். வேறு வழியில்லை. மெக்கானிக் எங்களிடம் தெலுங்கில்தான் பேசுகிறார்.

நேற்று மழை. மகள் நனைந்துகொண்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நான் அடுப்படியில் இருந்தேன். "வண்டி எப்டி ஓடுச்சி?" என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு கேப்பாண்ட லேசா இருமுச்சி. நிக்கல."

சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. வேண்டாம்டி, நாளையிலிருந்து பஸ்ஸில் போ, அந்த வேலையே வேண்டாம், வண்டியை எவனுக்காவது கொடுத்துவிடலாம். எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்தி விழுங்கினேன்.

"அப்டியா. நாளைக்கு மெக்கானிக்காண்ட காட்டிரலாம். கை கழுவிக்கினு வா, சூடா துன்னு" என்றேன்.

அவள் என் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் உள்ளே போனாள். நான் குழம்புச் சட்டிமேல் மூடியை வைத்தேன். மூடி உட்காராமல் சட்டி விளிம்பில் தடதடவென்று அடித்துக்கொண்டது. இன்னொரு கையாலும் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

"இன்னாம்மா சத்தம்?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல" என்றேன். "நல்லாதான் கீறேன்."